பைண்டர் அனுப்பிய பெட்டி

மார்ச் 4

குறைதீர்ப்புப் பிரிவுக்கு,

ஐயா,

நான் பைண்டரின் மனைவி. இணைப்பு அவர் பேரில் இருக்கிறது. கடிதம் நான் எழுதுகிறேன். அவரைத்தான் எழுதச் சொன்னேன். "பெட்டிய போட்டேன்னு சொல்லியாச்சு. அதுக்கு மேல எழுத என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டார். நாற்பது வருடமாக அடுத்தவர்கள் எழுதியதைத் தைத்துத் தைத்து, தானாக ஒரு வரி எழுதுவதே அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் வாங்கியது மகளுக்காக. அவள் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்தாள். டிசம்பரில் மாப்பிள்ளைக்கு வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். கீழே பைண்டிங் கடை, மேலே நாங்கள் இருவர். எங்களுக்கு எதற்கு அது? இணைப்பைத் துண்டிக்கச் சொன்னோம். நீங்களும் துண்டித்தீர்கள். ரூட்டரைத் திருப்பி அனுப்ப ஒரு காலி அட்டைப்பெட்டியும், அதன்மேல் ஒட்ட ஒரு ஸ்டிக்கரும் அனுப்பினீர்கள். ஜனவரி பதினேழாம் தேதி, மழையில், அவர் அதைத் தபால் நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார். ஈரக் குடையை அவர் மாடிப்படியில் விரித்து வைத்ததில் நான் தடுக்கி விழ இருந்தேன். ஆகவே எனக்கும் நினைவிருக்கிறது.

இப்போது, பெட்டி வரவில்லை, ரூட்டரின் விலையைக் கட்டு என்று மூன்றாவது நோட்டீஸ் வந்திருக்கிறது. கடையின் ஒரு மாத வாடகை அது. ஐந்து வருடம் எங்கள் அலமாரியில் தூசி குடித்துக்கொண்டிருந்த சாமானுக்கு இந்த விலையா?

விலை கூடப் போகட்டும். 'தாங்கள் திருப்பி அனுப்பத் தவறியதால்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் தவறவில்லை. அந்த வரியை அடித்துவிட்டு வேறு நோட்டீஸ் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பைண்டர் வீட்டம்மா


மார்ச் 13

அன்புடையீர்,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம். தங்கள் இணைப்பின்கீழ் வழங்கப்பட்ட ரூட்டர் எமது கிடங்கில் இன்றுவரை பதிவாகவில்லை. அனுப்பியதற்கான தபால் ரசீதின் நகலை ஏப்ரல் 10ஆம் தேதிக்குள் சமர்ப்பித்தால் கட்டணம் ரத்து செய்யப்படும். ரசீது இல்லாத நிலையில், அனுப்பியதாகக் கூறுவதை ஏற்பதற்கில்லை.

குறைதீர்ப்புப் பிரிவு, மேசை 7

(கையெழுத்தில்) ரசீதை எங்காவது வைத்திருப்பார். நிதானமாகத் தேடிப் பாருங்கள் அம்மா. பலர் வீட்டில் மருந்துச் சீட்டுகளுக்கு நடுவில் கிடைத்திருக்கிறது.


மார்ச் 19

மேசை ஏழு ஐயாவுக்கு,

அச்சடித்த வரிகளைப் படித்தபோது வந்த கோபம், கீழே கையால் எழுதிய இரண்டு வரிகளைப் பார்த்ததும் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியோடு எழுதுகிறேன்.

மருந்துச் சீட்டுகளுக்கு நடுவில் தேடினேன். மெத்தைக்கு அடியில், அவருடைய பழைய சட்டைப்பைகளில், நூல்கண்டு டப்பாவில் தேடினேன். கேட்டால், "பத்திரமா வெச்சிருக்கேன். தொலையவே தொலையாத எடத்துல வெச்சிருக்கேன்" என்கிறார். எந்த இடம் என்றால் முகம் வெளுத்துப் போகிறது. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அடுப்பு வேலைக்குப் போய்விடுகிறேன்.

உங்களிடம் சொல்ல வேண்டியது இல்லைதான். ஆனால் முகம் தெரியாதவரிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது. ஆறு மாதமாக அவருக்கு மறதி. பசை காய்ச்ச வைத்துவிட்டு மறந்து பாத்திரம் கருகியது. ஒரே புத்தகத்துக்கு இரண்டு தடவை அட்டை போட்டார். அதெல்லாம் சிரித்துக் கடந்துவிடலாம். கடையில் ஒரு கட்டிங் மெஷின் இருக்கிறது. கைப்பிடியை இழுத்தால் மேலிருந்து கத்தி இறங்கி நூறு தாளை ஒரே வெட்டாக வெட்டும். போன மாதம் கத்தி இறங்கும்போது கையை எடுக்க மறந்துவிட்டார். நடுவிரல் நகத்தில் பாதியோடு போயிற்று. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்சம் கொஞ்சமா நழுவும்மா. வெட்டற மெஷின் மட்டும் வேண்டாம்" என்றார். மகளோ கடையை மூடிவிட்டு அவளோடு வந்து இருக்கச் சொல்கிறாள். மெஷின் இல்லாமல் கடை இல்லை, அது எனக்குத் தெரியும்.

அவரிடம் எடுத்துச் சொன்னால் எரிந்து விழுகிறார். உங்கள் நோட்டீஸ் வந்த அன்று பெரிய சண்டை. முடிவில் அவரே ஒரு பந்தயம் கட்டிவிட்டார். "அந்தப் பெட்டிய நான் போடலன்னு ஆகட்டும், மெஷின் சாவிய நானே உன் கையில குடுத்துடறேன். போட்டிருந்தேன்னு ஆச்சுன்னா, அப்புறம் எனக்கு மறதின்னு இந்த வீட்ல யாரும் வாயத் திறக்கக் கூடாது." மெஷினுக்கு ஒரு பூட்டு உண்டு, அதன் சாவி நாற்பது வருடமாக அவர் இடுப்பில்தான் இருக்கிறது.

ஆக, உங்கள் கிடங்கில் ஒரு பெட்டி இருக்கிறதா இல்லையா என்பதில் எங்கள் கடை தொங்கிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து இன்னொரு தடவை பாருங்கள். மற்ற பெட்டிகளைப் போல இருக்காது. எந்தப் பொருளையும் வெறுமனே வெளியே அனுப்ப அவருக்கு மனசு வராது. உங்கள் அட்டைப்பெட்டியின்மேல் காக்கித் தாள் சுற்றி, மூலைகளை மடித்துப் பசை போட்டு ஒட்டித்தான் கொண்டுபோனார்.

பைண்டர் வீட்டம்மா


மார்ச் 28

அம்மா,

இந்தக் கடிதத்தை அலுவலகத் தாளில் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். முதலில் ஒரு திருத்தம்: நான் ஐயா இல்லை. எனக்கு நாற்பத்தாறு வயது, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். மேசை எண் மட்டும் போடுவதால் எல்லோரும் ஐயா என்றே எழுதுகிறார்கள். திட்டி எழுதுகிறவர்களும் அப்படித்தான்.

காக்கித் தாள் என்று எழுதியிருந்தீர்கள். உடனே ஒரு கேள்வி வந்தது. ஸ்டிக்கர் எங்கே இருந்தது? தாளுக்கு வெளியிலா, உள்ளேயா?

கேட்பதற்குக் காரணம் சொல்கிறேன். எங்கள் கிடங்கில் யாரும் பெட்டியைப் பிரித்துப் பார்ப்பதில்லை, மேலே எழுதியிருக்கும் பெயரைப் படிப்பதும் இல்லை. ஸ்டிக்கரில் இருக்கும் கோடுகளை ஒரு கருவி படிக்கும். படித்தால் பெட்டி வந்துவிட்டது. படிக்காவிட்டால் வரவில்லை. அப்படிப் படிக்கப்படாதவற்றைக் கிடங்கின் கடைசியில் கம்பிவலை போட்ட ஓர் இடத்தில் போட்டுவைப்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை, ஏப்ரல் கடைசியில், அதைக் காலிசெய்வார்கள்.

எங்கள் பிரிவில் இருக்கிறவர்கள் கிடங்குக்குள் போக வேண்டுமானால் அனுமதி வாங்க வேண்டும். இந்தப் பதினோரு வருடத்தில் நான் கேட்டதில்லை. இப்போது கேட்டிருக்கிறேன். "ஒரு பழைய ரூட்டருக்காகவா?" என்றார் மேலாளர். ஆமாம் என்றேன்.

ஸ்டிக்கர் விஷயத்தை மட்டும் அவரிடம் கேட்டு எழுதுங்கள். அவர் விரல் இப்போது எப்படி இருக்கிறது?

மேசை ஏழு


ஏப்ரல் 6

மேசை ஏழுக்கு,

கட்டணத்தை இன்று காலை வங்கியில் கட்டிவிட்டேன். ரசீது கிடைக்கவில்லை. இனித் தேட வேண்டாம். கிடங்குக்கும் போக வேண்டாம். உங்களுக்கு எதற்கு வீண் பொல்லாப்பு?

நேற்று சாயங்காலம் அவரே மாடிக்கு வந்து சாவியை மேசைமேல் வைத்துவிட்டார். நான் கேட்கவில்லை. சண்டையும் இல்லை. "இந்தா" என்றார், அவ்வளவுதான். மெஷினை வாங்கிக்கொள்ள ஓர் அச்சகக்காரர் அடுத்த மாத நடுவில் வருகிறார்.

விரல் ஆறிவிட்டது. இந்த விஷயத்தை இதோடு விட்டுவிடுங்கள்.

பைண்டர் வீட்டம்மா


ஏப்ரல் 17

அம்மா,

விட்டுவிடச் சொல்லி நீங்கள் எழுதிய கடிதம் வருவதற்கு முதல் நாளே அனுமதி வந்துவிட்டது. வந்த பிறகு போகாமல் இருக்க முடியவில்லை.

பெட்டி இருக்கிறது.

கம்பிவலைக்குள் நானூறு பெட்டிகளாவது இருக்கும். கிழிந்தவை, நசுங்கியவை, டேப் சுற்றிச் சுற்றி உருண்டையாகிப் போனவை. கிடங்குக்காரர் அரை மணி நேரம்தான் தர முடியும் என்றார். ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்தது. மூன்றாவது வரிசையில், இரண்டு உடைந்த பெட்டிகளுக்கு இடையில், காக்கித் தாளில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் ஒன்று உட்கார்ந்திருந்தது. நான்கு மூலையும் ஒரே அளவு மடிப்பு. எங்கள் முகவரியை அவ்வளவு அழகான கையெழுத்தில் நான் பார்த்ததே இல்லை. நான் வேலை செய்யும் இடம் ஏதோ மதிப்பான இடம் போலத் தோன்றியது. தபால் முத்திரை ஜனவரி 17. தாளைப் பிரித்தால், உள்ளே பெட்டியின்மேல் ஸ்டிக்கர் நேராக ஒட்டப்பட்டிருந்தது. கருவியால் அதைப் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அவர் சொன்னது உண்மை. தேதி உட்பட.

நீங்கள் கட்டிய பணம் திரும்ப வரும். அதோடு ஒரு கடிதமும் வரும். இணைப்பு அவர் பேரில் இருப்பதால் அவர் பேருக்கே வரும். மெஷினை விற்க வேண்டாம் என்று உடனே சொல்லுங்கள். அதற்காகத்தான் இதை முந்திக்கொண்டு எழுதுகிறேன்.

எனக்கு இன்று மிகவும் சந்தோஷமாக இருக்கிறது. அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

மேசை ஏழு


ஏப்ரல் 22

தங்கச்சி,

அப்படிக் கூப்பிடலாம் அல்லவா? ஐயா என்று எழுதிய பாவத்துக்கு இது பரிகாரமாக இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். நீங்கள் சந்தோஷப்பட்ட வரியைப் படிக்கும்போது எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தால் இல்லை.

ரசீது என்னிடம் இருக்கிறது. ஏப்ரல் நான்காம் தேதியிலிருந்து இருக்கிறது.

வருடா வருடம் அவர் எனக்கு ஒரு நோட்டுப் புத்தகம் பைண்ட் செய்து தருவார். பால் எப்போது நிறுத்தினோம், கேஸ் எப்போது வந்தது, யாருக்கு என்ன மாத்திரை என்றெல்லாம் நான் எழுதிவைக்க. இந்த வருட நோட்டை ஜனவரியில்தான் செய்தார். புத்தகத்தின் முதுகு விறைப்பாக நிற்க உள்ளே ஏதாவது துண்டுத் தாள் ஒட்டுவது பைண்டர்களின் வழக்கம். நான்காம் தேதி சாயங்காலம் எழுத உட்கார்ந்து நோட்டை விரித்தபோது, முதுகின் இடுக்கில் ஊதா மை தெரிந்தது. தபால் முத்திரை மை. அவர் சொன்ன தொலையாத இடம் அதுதான். வைத்தால் தொலையும், ஒட்டினால் தொலையாது என்று ஒட்டியிருக்கிறார். இப்படியொரு கூத்தை அவரைத் தவிர வேறு யார் செய்வார்கள்!

சமையல் கத்தியால் முதுகைப் பிரித்து எடுத்தேன். ஜனவரி 17, உங்கள் கிடங்கின் முகவரி, எடை, எல்லாம் இருந்தது. கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் பாதி தூரம் ஓடினேன், அவரிடம் காட்ட. கீழே மெஷின் சத்தம் கேட்டது. கத்தி இறங்கும் சத்தம். அப்படியே நின்றுவிட்டேன்.

இதைக் காட்டினால், இனி மறதி என்று நான் வாயைத் திறக்க முடியாது. பந்தயம் அப்படி. அடுத்த முறை நகத்தோடு நிற்குமா?

திரும்பி ஏறிவந்து, ரசீதைத் தையல் மெஷினின் இழுப்பறையில் வைத்தேன். நோட்டின் முதுகைப் பேரன் விட்டுப்போன கோந்தால் ஒட்டினேன். மறுநாள் அவர் சாவியைக் கொண்டுவந்து வைத்தார். தானே தன்னைச் சந்தேகப்பட்டுத் தோற்றுப் போய் வைத்தார். நான் எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு அவர் எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. கதவைப் பூட்டினீங்களா என்றால், "பூட்டினேன்னு நெனக்கிறேன்" என்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம், விரலைக் காப்பாற்றப் போய் ஆளை உடைத்துவிட்டேனோ என்று இருக்கிறது.

இருந்தும் கேட்கிறேன். அந்தக் கடிதத்தை அவர் பேருக்கு அனுப்பாதீர்கள். பணம் வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடிதத்தை நிறுத்துவது உங்களால் முடியும். உங்கள் காலில் விழுவது போல நினைத்துக்கொள்ளுங்கள்.

பைண்டர் வீட்டம்மா


ஏப்ரல் 29

அக்கா,

என்னால் முடியும். கடிதம் இரண்டு நாள் என் மேசையில்தான் இருந்தது. நிறுத்தவில்லை. இன்று தபாலில் சேர்த்துவிட்டேன். இதே பையில்தான் இந்தக் கடிதமும் வருகிறது; ஆனால் அலுவலகக் கடிதங்கள் பதிவுத் தபால், ஒன்றிரண்டு நாள் தாமதமாகும். அந்த ஒன்றிரண்டு நாள்தான் நான் உங்களுக்குத் தர முடிந்தது.

என்னைத் திட்டுங்கள். காரணத்தையும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

'ரசீது இல்லாத நிலையில், அனுப்பியதாகக் கூறுவதை ஏற்பதற்கில்லை.' இந்த வரியை நான் எழுதுவதே இல்லை. கணினியில் ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் வரி தானாக வந்து விழும். ஒரு நாளைக்கு முப்பது முறையாவது அழுத்துவேன். அந்த முப்பது பேரில் எத்தனை பேர் உண்மை சொன்னார்கள் என்று தெரிந்துகொள்ள வழியில்லை என்பதால், எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்றே பழகிவிட்டேன். அப்படிப் பழகினால்தான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியும். அன்று அந்தக் கம்பிவலைக்குள் நானூறு பெட்டிகளைப் பார்த்தேன். நான் நம்பாத நானூறு பேர். அன்றிலிருந்து சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

'நீங்கள் சொன்னது உண்மை' என்று எழுதுவதற்கு எங்கள் கணினியில் பட்டன் இல்லை. நானே ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். அதைக் கிழித்துப்போடக் கை வரவில்லை.

உங்கள் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். நாளை அவர் விரலுக்கு ஏதாவது ஆனால் அதில் எனக்கும் பங்கு உண்டு என்று தெரிந்தேதான் அனுப்பினேன். ஆனால் அக்கா, அவர் என் கடிதத்திலிருந்து இதைத் தெரிந்துகொள்ள வேண்டாம். அது வந்து சேர்வதற்குள் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மேசை ஏழு


மே 9

தங்கச்சி,

திட்டினேன். நன்றாகவே திட்டினேன். அதை எழுதவில்லை, உனக்கும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அன்று சொல்ல முடியவில்லை. ஞாயிறும் முடியவில்லை. திங்கள் காலை தபால்காரர் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்துவிட்டு, இழுப்பறையிலிருந்து ரசீதை எடுத்துக்கொண்டு கீழே போனேன். அவர் ஒரு பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டைத் தைத்துக்கொண்டிருந்தார். ரசீதை மேசைமேல் வைத்தேன். "இது எங்கிட்டதான் இருந்துச்சு" என்றேன்.

அவர் ரசீதைப் பார்க்கவில்லை. தையலை முடித்து, நூலை அறுத்துவிட்டுச் சொன்னார்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"சாவி குடுத்த அன்னிக்குக் காலைல பல்லு வெளக்கறப்ப ஞாபகம் வந்துச்சு, நோட்டு முதுகுல ஒட்டினது. ஓடிப்போய்ப் பார்த்தேன். யாரோ பிரிச்சு ஒட்டியிருந்தாங்க. வெட்டு கோணலா இருந்துச்சு, பல்லு வெச்ச கத்தி. பசையும் நம்ம பசை இல்ல, பேரனோட கோந்து. இந்த வீட்ல வேற யாரு இருக்கா?"

 பைண்டரிடம் புத்தகத்தின் முதுகில் திருட்டுத்தனம் செய்திருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைவிடக் கேவலம். ஒரு மாதமாக அவர் தன்னைச் சந்தேகப்படுகிறார் என்று நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். "நெனக்கிறேன்" என்று அவர் சொன்னதெல்லாம், பார்த்தால், நான் எப்போது வாயைத் திறப்பேன் என்று காத்திருந்ததுதான்.

"தெரிஞ்சும் ஏன் சாவியக் குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"நாப்பது வருஷத்துல நீ ஒரு புத்தகத்தக்கூடக் கிழிச்சதில்ல. கிழிச்சு எடுத்து மறைக்கற அளவுக்கு நீ பயந்திருக்கேன்னு அதப் பார்த்துதான் தெரிஞ்சுது. நீ வாயால சொன்னப்பல்லாம் எனக்கு அது கேக்கல."

அப்போதுதான் உன் பதிவுத் தபால் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினார். என்னையே படிக்கச் சொன்னார். 'நீங்கள் சொன்னது உண்மை. தேதி உட்பட' என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தி, இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். மூக்கை உறிஞ்சிவிட்டு, "எழுதத் தெரிஞ்ச பொண்ணு" என்றார். ஸ்டிக்கரின்மேல் தாள் சுற்றியது தன் தவறு என்று ஒப்புக்கொள்ளவே இல்லை. "வெறும் பெட்டியவா அனுப்பறது?" என்கிறார்.

அச்சகக்காரரிடம் மெஷின் விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டோம். சாவியை நீட்டினேன், அவர் வாங்கவில்லை. "உங்கிட்டயே இருக்கட்டும். வெட்ட வேண்டியிருந்தா கூப்பிடறேன். நீ வந்து தெற, பக்கத்துல நில்லு" என்றார். இப்போது தினமும் பதினொரு மணிக்கு ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை இறங்கிப் போகிறேன். அவர் தாளை அடுக்குகிறார். நான் "கை" என்று சொல்கிறேன். இரண்டு கையையும் எடுத்து எனக்குக் காட்டுகிறார். பிறகுதான் கத்தி இறங்குகிறது. எவ்வளவு நாளைக்கு இப்படி என்று தெரியாது. டாக்டர் சொன்னது பொய்யாகிவிடவில்லை. நேற்று மகளின் பெயருக்குச் சற்று நேரம் தேடினார்.

நோட்டின் முதுகைப் பிரித்து ஒழுங்காக ஒட்டித் தந்தார். ரசீதையும் பழையபடி உள்ளே வைத்து ஒட்டப் போனார். நான் விடவில்லை, கேட்டு வாங்கி, முதல் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி செருகி வைத்திருக்கிறேன். உங்கள் கம்பெனிக்கு அது இனித் தேவைப்படாது. எனக்குத் தேவைப்படும். ஒரு நாள் அவருக்கே அவர்மேல் நிஜமாகச் சந்தேகம் வரும். தான் எதையாவது சரியாகச் செய்ததுண்டா என்று என்னைக் கேட்பார். அன்றைக்கு என் வாய் வார்த்தை மட்டும் போதாது தங்கச்சி. நான் ஒருமுறை பொய்ச்சாட்சி சொன்னவள். ரசீதைத்தான் காட்ட வேண்டும்.

உன் அக்கா,
பைண்டர் வீட்டம்மா